மூன்றாம் அங்கத்தின் மௌனம்

அமெரிக்காவில் ஓப்பரா மேடைக்கு அடியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் தமிழச்சி நான் ஒருத்திதான் என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் நீங்களெல்லாம் இருப்பது தெரிகிறது. சுகர் லேண்டில் வளர்ந்த ஒருத்தி ஸ்டேஜ் மேனேஜராகச் சேர்ந்திருக்கிறாள். நியூ ஜெர்சிப் பையன் ஒருவன் மேடை விளக்குகளைப் பார்த்துக்கொள்கிறான். போன வாரம் காப்பெல்லிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். என்னைப் போலவே பிராம்ப்டர் வேலைக்கு வந்திருக்கிறாளாம்.

"ஆன்ட்டி, எப்ப எடுத்துக் குடுக்கணும்னு எல்லாரும் சொல்லித் தர்றாங்க. எப்ப குடுக்கக் கூடாதுன்னு யாருமே சொல்லலையே" என்றாள்.

அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன். ஒரு இத்தாலிய இசையமைப்பாளரின் கதை அது. பாதி அவர் வாழ்க்கை, மீதி என் வேலை.

மற்றவர்களுக்காக முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் சபா நாடகங்களில் சைடில் மறைந்து நின்று வசனம் எடுத்துக் கொடுப்பார்களே, அதேதான். ஓப்பராவில் நிற்கிற இடம் மட்டும் வேறு. மேடையின் முன்விளிம்பில், நட்டநடுவில், ஆமை ஓடு மாதிரி ஒரு மூடி இருக்கும். அதன் கீழே ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஒரு நாற்காலி, ஒரு சின்ன விளக்கு, எனக்குப் பின்னால் நின்று ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டரைக் காட்டும் ஒரு கண்ணாடி, நான். என் தலை மேடைத் தளத்தின் உயரத்துக்கு இருக்கும். பார்க்க வந்தவர்களுக்கு நான் தெரிய மாட்டேன். பாடுகிறவர்களுக்கு மட்டும் என் முகமும் கைகளும் தெரியும். அவர்கள் பாட வேண்டிய சொல்லை, பாடுவதற்கு ஒரு மூச்சு முன்னால் நான் சொல்ல வேண்டும். முந்தினால் குழப்பம். பிந்தினால் நான் இருந்தே பயனில்லை.

பாடகர்களின் காலணித் தூசி முகத்தில் விழும். பெரிய குரல்காரர்கள் உணர்ச்சியோடு பாடினால் எச்சிலும் விழும். ஒருமுறை ஒரு கத்தி சறுக்கி வந்து மடியில் விழுந்தது. நல்லவேளை, அட்டைக் கத்தி.

நான் இதற்குள் வந்ததே தற்செயல்தான். கல்யாணமாகி ஃப்ரீமான்ட் வந்தபோது டிபென்டன்ட் விசா. வேலைக்குப் போக முடியாது. என் வீட்டுக்காரர் சுந்தர் காலையில் குபெர்டினோ ஆபீசுக்குக் கிளம்பினால், பொழுது சாயத்தான் வருவார். பக்கத்துக் கல்லூரியில் ஏதாவது படிக்கலாம் என்று போனேன். எனக்கு ஒத்துவந்த நேரத்தில் இருந்தது இத்தாலிய மொழி வகுப்பு மட்டும்தான். சின்ன வயதிலிருந்து பாட்டு கற்றிருந்ததால் அந்த மொழி நாக்கில் சட்டென்று உட்கார்ந்துகொண்டது. வேலை பார்க்க அனுமதி கிடைத்ததும், அதிலிருந்து ஓப்பரா கோரஸ், கோரஸிலிருந்து பெட்டி. கண்டக்டர் கையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வேன் என்று மதுரையில் சொன்னபோது, என் நாத்தனார் "பஸ்ஸுலயா?" என்று கேட்டார்.

சரி, அவர் கதைக்கு வருகிறேன். நாங்கள் எல்லோரும் அவரை மாயெஸ்ட்ரோ என்றுதான் கூப்பிடுவோம். இசையில் பெரியவர்களை இத்தாலியில் அப்படித்தான் அழைப்பார்கள். தெற்கு இத்தாலியில் ஒரு சின்னத் துறைமுக ஊர்க்காரர். உதவித்தொகையில் இசைப் பள்ளிக்குப் போய், இருபதுகளின் நடுவிலேயே முதல் ஓப்பராவை எழுதிவிட்டார். வடக்கில் ஒரு பெரிய நகரத்தின் அரங்கம் அதை எடுத்துக்கொண்டது. அந்த வயதில் யாருக்கும் கிடைக்காத வாய்ப்பு. அது படுதோல்வி அடைந்தது. மறுநாளே அவர் அந்த ஓப்பராவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இனி யாரும் அதை மேடையேற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு வெகுகாலம் பிஸ்கட் விளம்பரங்களுக்கும் டெலிவிஷன் தொடர்களுக்கும் மெட்டுப் போட்டு வாழ்ந்தார். வீட்டில் குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தார். நாற்பதைத் தாண்டிய பிறகு எழுதிய இரண்டாவது ஓப்பரா ஜெர்மனியில் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் அவருக்கு ஏறுமுகம்தான். எழுதியதெல்லாம் ஜெயித்தது. எழுபதைத் தாண்டியவரிடம் எங்கள் பே ஏரியா அரங்கம் புதிய ஓப்பரா ஒன்று எழுதித் தரக் கேட்டபோது, அவர் யாரும் எதிர்பார்க்காத பதிலைச் சொன்னார்.

"புதுசு வேணாம். தோத்துப்போன பழசு ஒண்ணு இருக்கு. அதைப் போடுங்க. இல்லைன்னா விடுங்க."

ஒத்திகையின் முதல் நாள். ஒல்லியான மனிதர், வெள்ளைத் தலை. மேடையில் நடந்து வந்தவர் என் பெட்டியின் முன்னால் நின்றார். முட்டியில் கையை ஊன்றிக் குனிந்து உள்ளே பார்த்தார். நான் வணக்கம் சொன்னேன். அவர் நிமிர்ந்து கண்டக்டரிடம் திரும்பினார்.

"இந்தப் பெட்டியை மூடிடுங்க. என் ஓப்பராவுக்கு பிராம்ப்டர் வேண்டாம்."

கண்டக்டர் ஹானா, முப்பதுகளில் இருந்த பெண். கெட்டிக்காரி. அவளே ஒரு கணம் தடுமாறிவிட்டாள். கதாநாயகியாகப் பாட வந்திருந்த க்ளேர் டெக்சாஸ்காரி, மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். "மாயெஸ்ட்ரோ, மூணு அங்கமும் நான்தான் பாடறேன். இத்தாலியன் என் மொழி இல்ல. கோமதி கீழ இல்லைன்னா நான் மேல இல்ல" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். அவர் விறுவிறுவென்று வெளியே போனார்.

நான் மேடைக்கு அடியில் இருக்கும் வழியாக வெளியே வந்து அவரைத் தேடினேன். இளையவர்களே, இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் உங்கள் வேலையை வெறுத்தால், அவரிடமிருந்து ஒளிந்துகொள்ளாதீர்கள். நேரே போய்க் கேளுங்கள். கேன்டீனில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் இத்தாலிய மொழியில்தான் பேசிக்கொண்டோம். ஆனால் அந்தப் பேச்செல்லாம் எனக்குத் தமிழாகத்தான் நினைவிருக்கிறது.

"மாயெஸ்ட்ரோ, உங்களுக்கு என் மேல கோபமா, பெட்டி மேல கோபமா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார். "பெட்டி மேலதான். உட்காருங்க."

அன்று அவர் சொன்னார். அந்த ஓப்பராவில், வருஷக்கணக்காக ஊர்ப்பக்கமே வராத கணவன் மூன்றாம் அங்கத்தில் திரும்பி வருகிறான். கதவுக்கு வெளியே நின்று, உள்ளே வரலாமா என்று பாடுகிறான். மனைவி உள்ளே நிற்கிறாள். அவள் உடனே பதில் சொல்வதில்லை. அந்த இடத்தில் மாயெஸ்ட்ரோ இசையே எழுதவில்லை. மேடையில் வெளிச்சம் குறையும். ஆர்க்கெஸ்ட்ராவின் விளக்குகள்கூட அணைந்துவிடும். நீண்ட மௌனம். அதன் பிறகு அவள் ஒரே ஒரு சொல்லைப் பாடுகிறாள். "என்த்ரா." உள்ளே வா.

"அந்த மௌனத்துக்காகத்தான் மொத்த ஓப்பராவையும் எழுதினேன்" என்றார். "முதல் நாள் அன்னிக்கு, மௌனம் ஆரம்பிச்ச உடனே பாடகி பயந்துட்டா. குனிஞ்சு பெட்டியைப் பார்த்தா. உள்ள இருந்தவர் நல்ல மனுஷன். அவ மறந்துட்டான்னு நினைச்சு, 'என்த்ரா'ன்னு எடுத்துக் குடுத்துட்டார். அவ பாடிட்டா. ஆர்க்கெஸ்ட்ரா தயாரா இல்ல. ஒருத்தர் ஆரம்பிச்சார், இன்னொருத்தர் நிறுத்தினார். மேல கேலரியிலேர்ந்து விசில் கிளம்பிச்சு. எங்க ஊர்ல விசில் அடிச்சா என்ன அர்த்தம் தெரியுமா? கீழே இறங்குன்னு அர்த்தம். அப்புறம் கடைசி வரைக்கும் விசில்தான். எங்கப்பாவும் அம்மாவும் கோட்டு சூட்டு தைச்சுப் போட்டுக்கிட்டு ரயிலேறி வந்து உட்கார்ந்திருந்தாங்க."

அந்தப் பிராம்ப்டர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன் என்று தோன்றியது. அதையே சொன்னேன். "நானும் குடுத்திருப்பேன், மாயெஸ்ட்ரோ. தவிக்கிற கண்ணைப் பார்த்தா வாய் தானா திறந்துடும்." அவர் தலையசைத்தார். பெட்டி மூடப்படவில்லை.

ஒத்திகைகள் நன்றாகவே போயின. பிரச்சினை மொத்தமும் அந்த ஒரு இடத்தில்தான். உடை போட்டுப் பார்க்கும் கடைசி ஒத்திகைக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்திருந்தார்கள். மௌனம் வந்தது. கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். பிறகு ஒருவன் கிளுக்கென்று சிரித்தான். அது வரிசை வரிசையாகப் பரவிவிட்டது. க்ளேர் பதறிப்போய்ச் சொல்லைப் பாடிவிட்டாள். இருட்டில் ஆர்க்கெஸ்ட்ரா தடுமாறித் தடுமாறி வாசிக்க ஆரம்பித்தது.

முடிந்ததும் ஹானா மேடைக்கு வந்தாள். "மாயெஸ்ட்ரோ, பாதியா குறைச்சுக்கலாம். ஆடியன்ஸ் தாங்க மாட்டாங்க. நாளைக்கு வர்றவங்க சிரிக்க மாட்டாங்க, ஆனா இருமுவாங்க. அதுவும் இதே மாதிரிதான்."

"முழுசா இருக்கணும். இல்லைன்னா நாளைக்கு ஓப்பராவே இல்ல." அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் செய்துவிடுவார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஏற்கெனவே ஒரு தடவை செய்தவர்தானே.

க்ளேர் மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு எதுவுமே தெரிய மாட்டேங்குது. லைட் போனதும் ஹானாவும் இல்ல, ஆர்க்கெஸ்ட்ராவும் இல்ல. எனக்குத் தெரியற ஒரே வெளிச்சம் கோமதியோட பெட்டிதான்."

அவள் அதைச் சொன்னதும் மாயெஸ்ட்ரோ என் பக்கம் திரும்பினார். அவர் வேண்டாம் என்று சொன்ன அதே பெட்டி. எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

"நான் கையைக் காட்டறேன்" என்றேன். "உள்ளங்கையை நிமிர்த்தி வெச்சிருந்தா பொறுன்னு அர்த்தம். மூடினா பாடலாம். வாயைத் திறக்க மாட்டேன்."

"எப்ப மூடுவீங்க?" என்றாள் ஹானா.

நான் மாயெஸ்ட்ரோவைப் பார்த்தேன். "கதவைத் திறக்கலாம்னு அவ முடிவு பண்ணும்போது" என்றார் அவர்.

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியலைன்னா என் ஓப்பரா ரெண்டாவது தடவையும் தோக்கும்." தோளைக் குலுக்கிவிட்டு உடைமாற்றும் அறைப் பக்கம் நடந்து போனார்.

மறுநாள் அரங்கேற்றம். சுந்தர் என் எல்லா அரங்கேற்றத்துக்கும் வருவார், பால்கனியில் உட்கார்வார், தவறாமல் இரண்டாம் அங்கத்தில் தூங்கிவிடுவார். விரிகுடாப் பாலத்தைத் தாண்டி காரில் வரும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன கோமு, இன்னைக்கு எக்ஸாம் எழுதப் போற மாதிரி இருக்க?" என்றார்.

முதல் இரண்டு அங்கங்களும் நல்லபடியாக முடிந்தன. கைதட்டலில் ஒரு மரியாதை இருந்தது, அதற்கு மேல் இல்லை. மூன்றாம் அங்கம். வெளியே நின்று கணவன் பாடி முடித்தான். அவளும் கதவும் மட்டும் தெரியும் அளவுக்கு மேடை மங்கியது. எனக்குப் பின்னால் ஆர்க்கெஸ்ட்ராவின் விளக்குகள் ஒட்டுமொத்தமாக அணைந்தன. நான் என் சின்ன விளக்கின் கீழே உள்ளங்கையை நிமிர்த்திப் பிடித்தேன்.

முதலில் அரங்கம் சும்மா இருந்தது. அப்புறம் ஒரு இருமல். நாற்காலி கிரீச்சிடும் சத்தம். யாரோ யாரிடமோ கிசுகிசுத்தார்கள். பாடகி மறந்துவிட்டாளா என்றுதான் கேட்டிருப்பார்கள். க்ளேர் என்னைப் பார்த்தாள். அந்தக் கண்களை என்னால் மறக்க முடியாது. கொடு, கொடு என்று கெஞ்சின. அந்தச் சொல் என் வாய்க்குள்ளேயே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இத்தனை வருஷமும் பயந்தவர்களுக்குச் சொல்லைக் கொடுத்தே பழகியவள் நான். கொடுக்காமல் இருப்பதற்கு உடம்பே ஒத்துழைக்கவில்லை. நீட்டிய கை தானாக மூடிக்கொள்ளப் பார்த்தது. இன்னொரு கையால் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

பால்கனியில் ஒரு சிரிப்பு ஆரம்பித்தது. பக்கத்தில் யாரோ "ஷ்" என்றார்கள். அது நின்றது.

அப்போது க்ளேர் என்னிடமிருந்து கண்ணை எடுத்தாள். பயம் போய்விடவில்லை, ஆனால் அது இப்போது பாடகியின் பயமாக இல்லை. வாசலில் வந்து நிற்கும் மனிதனை என்ன செய்வது என்று தெரியாத ஒருத்தியின் பயமாக மாறியிருந்தது. கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாளுக்குப் போன கை பாதியில் நின்றது, திரும்பி வந்தது. யாரும் அவளுக்கு அப்படிச் செய்யச் சொல்லித் தரவில்லை. அரங்கத்தில் இப்போது மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு பெண்ணின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மறுபடியும் கையை நீட்டினாள். விரல் தாழ்ப்பாளைத் தொட்டது.

நான் கையை மூடினேன். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"என்த்ரா."

விளக்குகள் எரிந்தன. ஹானாவின் கை இறங்கியது. ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் ஒரே உடம்பாக வாசிக்கத் தொடங்கியது. அந்த ஒலி பெட்டியின் பலகைகள் வழியாக என் முதுகில் ஏறியது. கடைசிப் பக்கங்களை நான் எப்படிக் கடந்தேன் என்று தெரியவில்லை.

திரை விழுந்தது. அரை நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் பால்கனியிலிருந்து, காதைத் துளைக்கிற மாதிரி, நீளமாக ஒரு விசில். எனக்கு அந்த விசிலைத் தெரியும். மதுரைத் தியேட்டர்களில் முதல் நாள் முதல் காட்சியில் பழகிய விசில். என் வீட்டுக்காரர்! அதைத் தொடர்ந்து கைதட்டல் இடி மாதிரி இறங்கியது. கூடவே இன்னொரு விசில், இங்கே நாலு, அங்கே பத்து. கூட்டம் எழுந்து நின்றுவிட்டது.

பெட்டிக்குள் நான் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாயெஸ்ட்ரோ!

குனிந்து, இடித்துக்கொண்டு, மேடைக்கு அடியில் ஓடி, படியேறிப் பக்கவாட்டுக்கு வந்தேன். நினைத்தபடியேதான் இருந்தது. ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. ஹானாவும் க்ளேரும் அவரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று புரியாமல் நின்றார்கள்.

"மறுபடியும்" என்றார் என்னிடம். "கேட்குதா? மறுபடியும் அதே விசில்."

"மாயெஸ்ட்ரோ, இது அந்த விசில் இல்ல! இந்த நாட்டுல விசில் அடிச்சா ரொம்பப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். எங்க ஊர்லயும் அப்படித்தான். பிடிச்ச ஹீரோ திரையில வந்தா தியேட்டரே அதிரும்."

அவர் நம்பவில்லை. நான் அவரைச் சமாதானப்படுத்தப் பார்க்கிறேன் என்று நினைத்தார்.

"முதல் விசில் அடிச்சது என் வீட்டுக்காரர்" என்றேன்.

அவர் இன்னும் நொந்துபோனார். "உங்க கணவருக்கே பிடிக்கலையா?"

"பிடிக்கலைன்னா அவர் தூங்கிடுவார், மாயெஸ்ட்ரோ! இத்தனை வருஷத்துல அவர் ஒரு ஓப்பராவையும் முழுசா பார்த்ததில்ல. இன்னைக்கு எழுந்து நின்னு விசில் அடிக்கிறார்."

அவர் என்னையே பார்த்தார். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டார். இந்தத் தடவை இசைக்காரராகக் கேட்டார் என்று நினைக்கிறேன். கோபமான கூட்டத்தின் சத்தம் எப்படி இருக்கும் என்று அவரை விட யாருக்குத் தெரியும்? அவர் முகம் மெல்ல மாறியது. எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். க்ளேர் அவர் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவரைப் பார்த்ததும் அரங்கம் இரண்டு மடங்கு கத்தியது. அவர் நடுவில் நின்றார். குனிந்து வணங்கவில்லை. கையை உயர்த்தவில்லை. கூட்டத்தைச் சுற்றிலும் பார்த்துவிட்டு, பால்கனியை அண்ணாந்து பார்த்தார். பிறகு இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார் பாருங்கள்! கப்பலைக் கூப்பிடுகிற விசில். துறைமுகத்தில் வளர்ந்தவர் இல்லையா? ஆர்க்கெஸ்ட்ராவில் டிரம்பெட்காரர் திரும்பிப் பார்த்தார். பால்கனியிலிருந்து சுந்தர் பதில் விசில் கொடுத்தார். அதற்கு அவர் பதில் கொடுத்தார். ஓப்பரா அரங்கங்களில் எத்தனையோ கைதட்டல்களைக் கேட்டிருக்கிறேன். அப்படியொரு கூத்தை நான் கண்டதில்லை.

அந்த ஓப்பரா பிறகு ஊர் ஊராகப் போனது. அதை விரட்டிய வடக்கு நகரமும் கேட்டு வாங்கி மேடையேற்றியது. அவர் அதற்குப் பிறகும் இரண்டு ஓப்பரா எழுதினார். கடைசி வரைக்கும் எழுதிக்கொண்டேதான் இருந்தார். பெட்டியை மூடச் சொல்லி எங்கேயும் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

காப்பெல் பெண்ணே, எப்போது கொடுக்கக் கூடாது என்று கேட்டாய். மேலே நிற்பவர் உன்னைப் பார்ப்பது, மறந்த சொல்லைத் தேடுவதாலா, பயத்தாலா என்று பார். தேடினால் உடனே கொடு. பயந்தால் பொறு. பயந்தவர் உன்னிடமிருந்து சொல்லை வாங்கிக்கொண்டால், தன்னிடம் இருந்ததைத் தொலைத்துவிடுவார். இதை நான் அன்று யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். கை நீட்டியபடி இருந்தேன், அவ்வளவுதான். பிறகுதான் புரிந்தது.

அந்த ஓப்பராவை இரண்டாம் தடவை மேடையேற்றிய நாளையும் சொல்லிவிடுகிறேன். அன்று மௌனம் வந்தபோது வழக்கம்போலக் கையை நிமிர்த்தினேன். க்ளேர் என் பக்கமே திரும்பவில்லை. மூன்றாம் அங்கம் முழுவதும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பெட்டிக்குள் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, அடுத்த சொல்லைப் பற்றிய கவலை இல்லாமல், ஒரு ஓப்பராவைக் கேட்டேன்.